அப்பா வீட்டில் இல்லை

ரோலாவில் நாலாம் மாடி. கதவு எண் நானூற்றேழு.
மணி அடித்தால் அம்மா டிவியின் வாயை அடைப்பாள்.
அப்பா குளியலறைக்குள் போய்
குழாயைத் திறக்காமல் நிற்பார்.
எட்டு வயதில்
கதவைத் திறப்பது என் வேலை.

"அப்பா வீட்டில் இல்லை."
நான் சொன்ன முதல் கதை.
மூன்றே சொல். யாரும் நம்பவில்லை.

மளிகை பாக்கிக்கு வந்த பாவுக்கா
என் தலைக்கு மேலாக உள்ளே பார்த்தார்,
பிறகு குனிந்து வாசலைப் பார்த்தார்.
"மோளே, செருப்பு இவிடெ. ஆளு எவிடெ?"
அன்றிலிருந்து மணி கேட்டதும்
முதலில் செருப்பை ஒளித்தேன்.

வெளியே போயிருக்கிறார் என்பது போதாது.
அஜ்மானுக்கு என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள்.
அஜ்மானுக்கு, பழைய ஃப்ரிட்ஜை விற்க,
சிவப்புப் பிக்கப்பில்,
அதன் கதவு திறந்துகொள்ளாமல் கயிற்றால் கட்டி
என்றால் திரும்பிப் போவார்கள்.
அந்தக் கயிறுதான்.
கயிற்றைக் கண்டுபிடித்த அன்று
எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

குல்ஸமான் மட்டும் போகமாட்டார்.
ஏழாயிரம் திர்ஹம் வரவேண்டிய மனிதர்
கீழே போய் இரண்டு லபன் வாங்கி வந்து
படிக்கட்டில் உட்கார்ந்து
ஃப்ரிட்ஜ் என்ன விலைக்குப் போனது என்பார்.
விலை சொன்னேன். பேரம் பேசியவனின் மீசையைச் சொன்னேன்.
அவன் மனைவி ஃப்ரிட்ஜுக்குள் முகர்ந்து பார்த்ததைச் சொன்னேன்.
உள்ளே ஒன்றரை மணி நேரம்
இருமலை விழுங்கிக்கொண்டு நின்றார் அப்பா.
கதையை நான் முடித்திருக்கலாம்.
முடிக்கவில்லை.

பரீட்சை முடிந்து வந்த ஒரு மத்தியானம்
வாசலில் செருப்பு இல்லை.
நான் ஒளிக்கவில்லை.
செக் திரும்பிய வழக்கு;
லுங்கியை மாற்றிக்கொள்ள நேரம் கொடுத்தார்களாம்,
அம்மா அதை மட்டும் இரண்டு முறை சொன்னாள்.
மணி அடித்தது. பாவுக்கா.
"அப்பா வீட்டில் இல்லை."
"இன்னு அஜ்மானோ?" என்று சிரித்தார்.
ஒரு கயிறுகூட வாயில் வரவில்லை.

ஆறு நாவல்கள் ஆகிவிட்டன.
மொழிபெயர்ப்பு வேலைக்கென்று திரும்பி வந்து
அதே ரோலாவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன்.
என் கதைகளில் ஆண்கள்
காட்சிக்கு வெளியிலேயே நிற்கிறார்கள் என்று
ஒருவர் குறையாக எழுதியிருந்தார்.
எங்கே நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.
தண்ணீர்ச் சத்தம் இல்லாத இடத்தில்.
யாரிடம் எழுதக் கற்றீர்கள் என்று கேட்பவர்களுக்கு
ஏதாவது ஒரு நூலகத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறேன்.
அதையும் நம்புகிறார்கள்.

அப்பா இப்போது வள்ளியூரில்.
அனுப்பிய புத்தகங்களை வாசித்ததாகச் சொன்னதில்லை.
போன வெள்ளிக்கிழமை
மழை, மாத்திரை, கரண்ட் பில் எல்லாம் பேசி முடித்து
வைக்கப்போகும் நேரத்தில் கேட்டார்:

"அந்த ஃப்ரிட்ஜ் எவ்வளவுக்கும்மா போச்சு?
விலை சொன்னப்ப மேல் மாடியில
எவனோ தண்ணியத் திறந்துட்டான்."

"நானூத்தம்பது."

"குறைச்சல்" என்றார்.