மூன்று தசம் நான்கு

கொழும்பிலிருந்து வந்த படிவத்தின் தலைப்பு
'ஊழியர் நிச்சயதார்த்த அளவீடு.'
போன கிழமைதான் எழுத்து முடிந்த ஜெயரூபி
அடைவுக் கவுண்டரில் இருந்து சத்தமாய்ச் சிரித்தாள்:
"எனக்கு ஒருக்கால் காணும் அக்கா."

நீலப் பேனையால் வெட்டி எழுதினேன்:
ஈடுபாடு.
எழுதிய பிறகுதான் பார்த்தேன்.
ஈடு எங்களுக்குத் தெரிந்த சொல்,
உறை போட்டு, இலக்கமிட்டு
இரும்புப் பெட்டிக்குள் கிடக்கிறது.
பாடும் தெரிந்ததுதான்,
கவுண்டருக்கு இரண்டு பக்கமும் நிற்கிறது.

பன்னிரண்டு கேள்விகள்.
ஒன்றிலிருந்து ஐந்துவரை, ஒரு வட்டம்.
பெயர் எழுத வேண்டாம் என்று தடித்த எழுத்தில்.
பதினொரு பேர் வேலைசெய்யும் கிளையில்
பெயர் எழுதாமல் இருப்பது எப்படி?
வட்டத்தை மூடாமல் விடுவது ஜெயரூபி.
அழித்தழித்துத் தாளைக் கிழித்தவர் கணக்காளர் தவநேசன்.
பென்சிலால் போட்டவன் ரொபின்சன்,
அறவிடப் போகிறவன்.

'இந்த நிறுவனத்தை என் உறவினருக்குப் பரிந்துரைப்பேன்.'
ஏழாவதில் அவன் வட்டம் போடவில்லை.
பாசையூரில் இருக்கும் அவன் மச்சாளின் தோடு
எங்கள் பெட்டியில்.
இரண்டு தரம் புதுப்பித்தாகிவிட்டது.
மூன்றாம் தரக் கடிதத்தை
அவனேதான் கொண்டுபோய்க் கொடுத்தான்.

நகை நிறுக்கும்போது விசிறியை நிறுத்துவோம்,
காற்றுக்குத் தராசின் கடைசி இலக்கம் ஆடும்.
படிவம் நிரப்பிய அந்தப் பின்னேரமும்
யாரோ பழக்கத்தில் நிறுத்திவிட்டார்கள்.
வியர்த்தபடி இருந்தோம்.
முகாமையாளர் கண்ணாடிக்கு அப்பால்
பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பெரும்பாலும் மூன்று.
'என்ன மாதிரி?' என்று சந்தியில் கேட்டால்
'இருக்கிறம்' என்போமே,
அந்த மூன்று.

"எனக்கும் ஒண்டு தாங்கோ பிள்ளை" என்றார்
வாசலில் நிற்கும் கனகலிங்கம் அண்ணை.
அவர் எங்கள் ஆள் இல்லை,
காவல் கம்பனியின் ஆள்.
கணக்கில் எடுக்கமாட்டார்கள் என்று சொல்ல வாய் வராமல்
ஒரு போட்டோக்கொப்பி கொடுத்தேன்.

இலக்கம் ஒன்றையும் தொடவில்லை.
பின்பக்கத்தில் எழுதியிருந்தார்:
'பின் யன்னல் கொழுக்கி கழண்டு மூண்டு மாதம்.
நாலு தரம் சொல்லியாச்சு.
இப்ப வயர் சுத்திக் கட்டியிருக்கிறன்.
இரவிலை ரெண்டு தரம் இழுத்துப் பாக்கிறனான்.
மாரிக்கு முன்னம் ஆரும் வந்து பாத்தால் நல்லம்.
ஜெயரூபிப் பிள்ளையின்ரை ஸ்கூட்டி
பின் சில்லுக்குக் காத்துப் போகுது.'

கணினியில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.
பதினொன்றை ஏற்றினேன்.
ரொபின்சன் விட்ட வெற்றிடத்தை
அது தானாகவே மூன்று என்று எடுத்துக்கொண்டது.

புதன்கிழமை பதில் வந்தது.
மூன்று தசம் நான்கு.
வடக்குக் கிளைகளில் இரண்டாம் இடம்.
முகாமையாளர் ஸ்ரான்லி வீதியில் கேக் எடுப்பித்தார்,
மேலே கிளையின் பெயர், ஒரு கால் குறைவாக.
ரொபின்சன் தன் துண்டை லஞ்ச்சீற்றில் சுற்றி
சேர்ட் பைக்குள் வைத்தான், மச்சாளின் பிள்ளைக்காக இருக்கலாம்.
நான் கேட்கவில்லை.

'படிவங்களை அழித்துவிடவும்' என்றது கடைசி வரி.
பதினொன்றையும் கிழித்தேன்.

மற்றதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு
எல்லாரும் போன பிறகு பின்பக்கம் போனேன்.
சிவப்பு வயர். நுனியை உள்ளே மடக்கியிருந்தார்,
ஆருக்கும் கை கீறாமல்.

இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன்.