சுழல்கதவின் கணக்கு

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு எண்கள் வைத்திருந்தேன்.
ஒன்று ஒலிபெருக்கிக்கு:
எட்டாயிரத்து நூற்றுப் பதினொன்று.
மற்றொன்று சுழல்கதவு சொன்னது:
நாலாயிரத்து முந்நூறு.
அதிலும் நானூறு இலவசச் சீட்டு,
பள்ளிப் பேருந்தில் வந்து இறங்கிய பிள்ளைகள்,
ஏரிக்காற்றுக்கு ஒதுங்கிய இரண்டு மூன்று பேர்.

டுலூத்தில் ஜனவரி என்றால்
மூச்சு மீசையிலேயே உறையும்.
அப்படியும் வந்துவிடுவார் வெர்ன் ஸ்குபிக்,
தாதுத்துறையில் ஷிஃப்ட் முடித்த கையோடு,
மேலங்கியெல்லாம் செந்தூசி.
எங்கள் அணியின் நிறமும் அதுதான்.
விளம்பரக் கம்பெனி ஏதோ பெயர் வைத்திருந்தது,
நாங்கள் துரு என்றோம்.
துருச் சட்டை, துருத் தொப்பி.
தோற்ற இரவுகளில்
துருப்பிடித்துப் போச்சு என்று
நாங்களே முந்திக்கொண்டு சொல்வோம்.
வெளியூர்க்காரன் சொன்னால் கைகலப்பு.

முதலில் போனது நிறம்.
அணி போவதற்கு இரண்டு வருஷம் முன்னால்.
சிகாகோவிலிருந்து வந்த பையன்
திரையில் படம் காட்டிப் பேசினான்:
துரு தொலைக்காட்சியில் எடுபடவில்லை,
கறுப்பும் வெள்ளியும்
எந்த ஊரிலும் விற்கும்.

எந்த ஊரிலும்.
அன்றைக்கு அது என் காதில் ஏறவில்லை.
சாண்ட்விச் தட்டு என் பக்கம்
வந்துகொண்டிருந்தது.

புதுச் சட்டைகளை முதல் தடவை துவைத்தபோது
கறுப்பு இறங்கி வெள்ளி எண்களில் ஒட்டிக்கொண்டது.
சலவை அறை ரெனாட்டா
சொட்டச் சொட்ட ஒன்றைத் தூக்கிக் காட்டி,
அதுக்குள்ளயா சாயம் வெளுத்துப் போச்சு
என்று சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.

அடுத்த அக்டோபரில் முதலாளி என்னை மேலே கூப்பிட்டார்.
ஊதின எண் வேண்டாம் லீலண்ட்,
கதவு எண்ணினது வேணும், ஒன்பது வருஷத்துக்கும்.
கூரை ஒழுகுவதை நகரசபையில் காட்டத்தான்
கேட்கிறார் என்று நினைத்தேன்.
ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து
மீண்டும் ஒருமுறை கூட்டிச் சரிபார்த்து,
பனிப்புயலால் நின்றுபோன ஆட்டங்களுக்குச்
சிவப்பு மையில் அடிக்குறிப்பும் போட்டுக் கொடுத்தேன்.

மனுவில் அது இணைப்பு நான்கு.
என் கையெழுத்தை அப்படியே நகலெடுத்திருந்தார்கள்,
குறுக்குக்கோடு போட்ட என் ஏழுகளோடு.
போதிய சந்தை ஆதரவு இல்லை
என்ற வரிக்குக் கீழே.

சந்தை என்றால் பேரமாவது இருக்கும்.
எங்களிடம் யாரும் விலை கேட்கவில்லை.

கடைசி ஆட்டம். செவ்வாய்க்கிழமை. கல்மழை.
மைக் பிடிப்பவன் வழக்கம்போல என் பக்கம் திரும்பினான்.
இன்னைக்கு எவ்வளவு சொல்லட்டும்?
ஐயாயிரத்துப் பன்னிரண்டு என்றேன்.
சொன்னான்.
ஒரு நிமிஷம் யாரும் கைதட்டவில்லை.
தலைகள் திரும்பின,
காலி நாற்காலிகளை அன்றுதான் பார்ப்பதுபோல.
ஸ்குபிக் என்னைப் பார்த்துக் கேட்டார்:
இவ்வளவு பேர்தானா நாம்?

எட்டாயிரத்தில் பாதி என் கற்பனை என்று
அவருக்கு எப்படிச் சொல்ல?

இப்போது டூசானில் ஆடுகிறார்கள்.
போன வெள்ளிக்கிழமை அங்கே
மரபு இரவாம்.
பழைய துருச் சட்டை போட்டு இறங்கினார்கள்,
பாலைவனத்துப் பிள்ளைகள் அதையே வாங்கி மாட்டிக்கொண்டு
நடனமாடினார்கள், ஒரு சட்டை நூற்று நாற்பது டாலர்.
மதுக்கடைத் திரையில் பார்த்தோம்.
ஸ்குபிக் ஒன்றும் சொல்லவில்லை.
முழங்கையை மேஜையில் ஊன்றி எடுத்தார்,
ஊன்றிய இடத்தில் கொஞ்சம் செந்தூசி.

நிரம்பி வழியும் அரங்கம், பதினாறாயிரத்து நானூறு பேர்
என்றது அங்கத்திய ஒலிபெருக்கி.
கேமரா மேலடுக்கை ஒரு கணம் தடவிப் போனது.
பழக்கதோஷம், எண்ணிவிட்டேன்:
இடதுபுறம் ஆறு வரிசை முழுக்கக் காலி,
வலதுபுறம் ஒன்பது.

அங்கேயும் எவனோ ஒருத்தன்
இரண்டு எண்கள் வைத்திருக்கிறான்.