‘பா’வில் எட்டு மணி நேரம்

நாத்தனார் ஜெர்மேன் துலூஸிலிருந்து சுமந்து வந்த பானை.
நான்கு வருடமாய்ப் பெட்டியைப் பிரிக்கவில்லை.
ப்ளக் நம் சுவருக்குள் போகாது.
நேரு வீதியில் எண்பது ரூபாய்க்கு ஓர் அடாப்டர் வாங்கினேன்,
இந்த வெள்ளிக்கிழமைதான்,
ஜிப்மரில் எதுவாரின் தாடைக் கம்பியை வெட்டி எடுத்த அன்று.

திருகில் இரண்டு சொல்.
ஒன்றை ‘பா’ என்று படிக்க வேண்டும், மற்றதை ‘ஓ’ என்று.
தாழ்வு, உயர்வு.
கடைசி எழுத்துகளை அவர்கள் எழுதுவார்கள்,
வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

இருபத்தோரு வருடம் எங்கள் வீடு ‘ஓ’வில் இருந்தது.

அவர் பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார்.
மைதானத்தின் அந்தக் கோடிக்குப் பழகிய குரல்
சாம்பாரில் புளி தூக்கல் என்பதை
முத்தியால்பேட்டை முழுக்கச் சொல்லும்.
அடித்ததில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும்.
சத்தம்தான்.
குக்கர் நாலு விசில் வைப்பதற்குள் அவர் ஆறு வைப்பார்.

பிறகு வில்லியனூர் சாலையில்
வெள்ளைக் கோடு அழிந்த ஒரு வேகத்தடை.
ஆறு வாரம் கஞ்சி, வடிகட்டிய ரசம், ஸ்ட்ரா.
பேச்சுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு.
முதல் வாரம்: “தண்ணி!!!”
இரண்டாம் வாரம் ஒரே ஓர் ஆச்சரியக்குறி,
விரல் வலித்திருக்கும்.
நான்காம் வாரம்: “தண்ணி, முடிஞ்சா.”
அந்தத் தாளைக் கிழித்து
ரேஷன் கார்டுக்குள் வைத்திருக்கிறேன்.

ஞாயிறு. பூசைக்கு முன்பே பெரிய மார்க்கெட்.
“மெல்ல முடியாத ஆளுக்கு” என்றேன்.
அற்புதராஜ் கத்தியைத் துடைத்து
விரல் தடிமன் கொழுப்போடு
நாலு சாப் வெட்டினார், எலும்பு விடாமல்.
“கொழுப்ப எடுத்துடாதீங்க, அதுதான் காவல்.”

இரும்புச் சட்டியில் இரு பக்கமும் சிவக்க ஒரு புரட்டு.
பானை அடியில் சின்ன வெங்காயம், முழுப் பூண்டு,
இடித்த மிளகு, பட்டை, இரண்டு கரண்டி வினிகர்,
கையால் நொறுக்கிய வடவம்.
தண்ணீர் அரை டம்ளர் போதும்; கறியே விடும்.
கண்ணாடி மூடி. திருகு ‘பா’வில். மணி ஆறேகால்.

ஏழு மணிக்கு ஒன்றுமில்லை.
எட்டரைக்கு மூடியில் வேர்வை.
ஒரு தரம் திறந்தால் அரை மணி நேரம் போச்சு என்று
ஜெர்மேன் போனில் எச்சரித்திருந்தாள்.
பழக்கமில்லாத வேலை இது,
கிளறாமல் இருப்பது,
எண்ணுவதற்கு விசில் இல்லாமல் இருப்பது.
பத்துக்கு மேல்தான் வாசம்:
வடவத்தின் கடுகு முதலில்,
பன்றிக்கறியின் இனிப்பு அதன் பின்னால்.
மாடி வீட்டுக் கதவு திறந்தது, மூடவில்லை.

பதினொன்றே முக்காலுக்குக் கரண்ட் போனது.
பானை தன் சூட்டிலேயே உட்கார்ந்திருந்தது.
எதுவாரும் நாற்காலியில்
தாடையைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார்.
கம்பி இல்லாமல் இரண்டு நாள். பேச்சும் இல்லை.
வாய் இரண்டு விரல் திறக்கிறது, பேசலாம் என்றார் டாக்டர்.
யாரும் அவசரப்படுத்தவில்லை,
முக்கியமாக நான்.

இருபது நிமிடத்தில் கரண்ட் வந்தது.
அந்த இருபதையும் கடைசியில் சேர்த்துக்கொண்டேன்.

இடுக்கியால் தூக்கினால் எலும்பு மட்டும் வந்தது,
கழுவி வைத்த மாதிரி.
கறி பானையிலேயே நின்றுவிட்டது.
கரண்டியால் அள்ளி வைத்து
நேற்றைய பாகெத்தைச் சாற்றில் நனைத்துக் கொடுத்தேன்.
இடது பக்கமாய் மென்றார். மென்றார் என்பதுகூட அதிகம்,
நாக்கும் மேலண்ணமுமே போதுமாயிருந்தது.
கண் ஓரத்தில் ஈரம். மிளகாகவும் இருக்கலாம்.

தட்டு காலி.
நிமிர்ந்து பார்த்தார். தொண்டையில் ஏதோ அசைந்தது.
நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன்.
அவர் கை பக்கத்தில் துழாவி நோட்டை எடுத்தது.
பேனா மூடியைப் பல்லால் கழற்றினார்,
ஆறு வாரத்தில் முதல் முறையாக.
எழுதினார்:
“இன்னொரு துண்டு. இருந்தா.”

கம்பி எடுத்தாச்சே என்று
நான் ஞாபகப்படுத்தவில்லை.