பூஜ்யம் புள்ளி மூன்று

பழைய போனில் இன்னும் இருக்கிறது
பூஜ்யம் புள்ளி மூன்று.
திறக்க நாற்பது நொடி.
முகப்பில் மசூது கிறுக்கிய ஒரு கத்தரிக்கோல்,
இடதுகைக்காரர்கள் மட்டுமே பிடிக்க முடிகிற மாதிரி.

புதிய போனில் ஒன்று புள்ளி பூஜ்யம்.
தொட்டதும் திறக்கிறது.
தாமிரபரணி நீலமாக ஓடுகிறது,
நீலமாக.
கரையில் ஓர் அல்வாக் கடை.
நாங்கள் வைக்கவில்லை.
திருநெல்வேலி என்றால் வேண்டாமா என்று
பெங்களூரில் கேட்டார்கள்.

இரண்டையும் மேசையில் ஒட்டி வைத்து
இரண்டு கட்டைவிரலாலும் ஆடுகிறேன்.
பாளையங்கோட்டை, ஜெராக்ஸ் கடை மாடி.
கீழே மெஷின் ஒவ்வொரு தாளை இழுக்கும்போதும்
என் நாற்காலிக்குத் தெரிகிறது.

முதல் கட்டம்.
பழையதில் மேலப்பாளையத்து வீட்டில்
மசூதின் உம்மா பீடி சுற்றுகிறாள்.
சரக், சரக், ஓர் உருட்டு,
பிறகு முடிச்சு.
முடிச்சு மட்டும் கொஞ்சம் நின்று வரும்.
வளையலும் பதிவில் விழுந்திருக்கிறது,
ஐஸ்காரர் மணியும்,
"கரண்டு போயிரும், சீக்கிரம் புடிடா"வும்.

புதியதில் மூங்கில் குச்சிகள்.
புகையிலை என்றால் குழந்தைகளுக்கான சான்று
கிடைக்காதாம்.
சரி, சத்தத்தை மாற்றினோம்.
இடைவெளியை மாற்றியது நான்.
நின்று வந்ததை நிற்காமல் வரவைத்தேன்.
ஒரே ஒரு பொத்தான்.
மசூது டீ வாங்கப் போயிருந்தான்.

இரண்டாம் கட்டம், குலவணிகர்புரம் ரயில்வே கேட்.
பழையதில் மணி அடித்துக்கொண்டே இருக்கும்,
ரயில் எப்போது வருமென்று
ஆட்டத்துக்கே தெரியாது.
ஒருமுறை பதினொரு நிமிஷம்.
புதியதில் சரியாகப் பதினாறாவது அடியில்
ரயில் வந்துவிடுகிறது.
யார் நம்புவார்கள் இதை?

தவறவிட்டால் பழையது பேசும்.
மசூதின் குரல், சளி பிடித்திருந்த நாளில் பதிந்தது:
"சவத்த விடு, அடுத்தத புடி."
புதியதில் திரை சிவக்கிறது.
போன் ஒருதரம் நடுங்குகிறது.

வெளியிட நாலு நாள் இருக்கையில்
உம்மாவை உட்காரவைத்தான்.
பழையதில் அவள்
நூற்றுக்கு நூற்றெழுபது வாங்கியவள்.
அது கணக்கில் ஒரு பிழை,
பிற்பாடு திருத்திவிட்டேன்.
புதியதில் ஒன்பதாவது முடிச்சில் தோற்றாள்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு
இன்னொரு தரம் ஆடினாள்.
ஏழாவதில் தோற்றாள்.
"இது வேற யாரோ சுத்துத பீடில்லா" என்றாள்.

மசூது என்னைப் பார்க்கவில்லை.
ஷார்ஜாவில் சூப்பர்மார்க்கெட்டில் வேலை,
விசா முன்னாடியே வந்துவிட்டது என்றான்
அடுத்த வாரம்.
இருக்கலாம்.

நன்றிப் பட்டியலில் அவன் பெயர்
'மசூர்' என்று விழுந்திருக்கிறது.
அடுத்த அப்டேட்டில் திருத்த வேண்டும்
என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.
மூன்று அப்டேட் போய்விட்டது.

நேற்று வேறெதையோ தேடப்போய்
ஒரு வரி கண்ணில் பட்டது.
விரல் தொடுவதற்கும் காது கேட்பதற்கும் நடுவே
கழிக்க வேண்டிய தாமதம்,
முப்பத்தேழு மில்லிசெகண்ட்.
கண்ணாடி உடைந்த அவன் போனில்
அவன் விரலை வைத்து அளந்தது.
அந்த மாறிக்கு அவன் வைத்த பெயர்
சவம்.
ஏதோ தொழில்நுட்பச் சொல் என்று நினைத்து
பெங்களூரில் விட்டுவைத்திருக்கிறார்கள்.
ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேர்
அவன் தயங்கிய அளவுக்குத் தயங்கி
மூங்கில் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பூஜ்யமாக்கிப் பார்த்தேன்.
நான் சரியாகத் தட்டியதெல்லாம் சிவந்தது.
திரும்பவும் முப்பத்தேழு.
சேமித்தேன்.

கீழே மெஷின் தாள் சிக்கி நின்றது.
அடுத்தது வரும்வரை
விரலைத் தூக்கியே வைத்திருந்தேன்.