ஒன்பதரைக் கிலோ

தள்ளு போகக்
கையில் வந்த சீட்டுப்பணம்
நானூற்று முப்பது ரியால்.

அஸைபா கடையில்
இருநூறு ரியால் சைக்கிள்கள்
வாசலிலேயே நிற்கின்றன, வெயில் பட.
ஆயிரத்தைத் தாண்டியவை
சுவரில், தனி விளக்கடியில்,
தரையையே தொட்டறியாதவை போல.
நடுவிலைக்காரர்களுக்கு ஒரு நீளக் கம்பி.
சலவைச் சட்டைகள் மாதிரி
முன்சக்கரம் தூக்கி
வரிசையாகத் தொங்குகின்றன.

"பட்ஜெட்?" என்றார் ரொமெல்.
சொன்னேன்.
முகம் மாறவில்லை. நல்ல மனிதர்.

இரண்டை இறக்கி வைத்தார்.
ஒன்று கார்பன்; போன வருட மாடல், பழைய மாதிரி பிரேக்.
மற்றது அலுமினியம்; டிஸ்க் பிரேக்,
முன் ஃபோர்க் மட்டும் கார்பன்.
"ஒரே விரலில் தூக்கிப் பாருங்கள் சார்."
தூக்கினேன்.
விரலில் நிற்கும் இதன்மேல்
எண்பத்தாறு கிலோ ஏறப்போவதைப் பற்றி
இருவருமே வாய் திறக்கவில்லை.

பர்காவில்
கடலைக் குடிநீராக்கும் ஆலையில்
துரு பார்ப்பது என் வேலை.
பதினோரு வருடமாக போல்ட் போல்ட்டாக
உப்பு எங்கே கை வைத்திருக்கிறதென்று
டார்ச் அடித்துத் தேடுகிறவன்.
அதனால் நிறம் பார்க்கவில்லை.
மண்டியிட்டு
வயர் நுழையும் ஓட்டைகளைப் பார்த்தேன்.
பெடல் அச்சுக்கு அடியில்
தண்ணீர் வடிய வழி இருக்கிறதா என்று
கவிழ்த்துக் காட்டச் சொன்னேன்.
கார்பனும் அலுமினியமும்
ஒட்டிக் குடியிருக்கும் இடத்தில்
உப்புத்தண்ணீர் புகுந்தால்
யார் யாரைத் தின்பார் என்று எனக்குத் தெரியும்.

"ஓட்டி முடித்ததும்
நல்ல தண்ணீரில் கழுவினால் போதும் சார்."
நல்ல தண்ணீர்.
அதைச் செய்து அனுப்புவதே நாங்கள்தான் என்றேன்.
தள்ளுபடி கேட்கிறேன் என நினைத்திருக்க வேண்டும்.
பாட்டில் மாட்டும் கூண்டு இலவசம் என்றார்.

அளவு ஐம்பத்திநாலா, ஐம்பத்தாறா?
நாடா எடுத்துக் கவட்டை அளந்தார்.
தையற்கடைக்குப் பிறகு
இங்கேதான் இந்தக் கூச்சம்.
அமராத் மலைச்சாலை ஏறுவதென்றால்
பின்சக்கரத்தில் முப்பத்திநாலு பல் வேண்டும்,
இன்னாசி பயமுறுத்தியிருந்தான்.
எண்ணிப் பார்த்தேன், இருந்தது.
என் வாயில் இருப்பதைவிட ஐந்து அதிகம்.

ஷமீனாவுக்கு வீடியோவில் காட்டினேன்.
இடமிருந்து, வலமிருந்து,
கியர் மாறும் சத்தம் கேட்க போனை அருகே பிடித்து.
"எத்தனை கிலோ?" என்றாள்.

எனக்குப் பூரித்துப் போயிற்று.
ஒன்பதரை, என்றேன்.
கார்பன் எட்டரைதான்,
ஆனால் ஏற்றத்தில் ஒரு கிலோ
பெரிய வித்தியாசமில்லை,
சக்கரத்தில் குறைத்தால்தான் தெரியும்,
இன்னும் ஏதேதோ.
முடிக்கும்வரை கேட்டிருந்துவிட்டு,
"அட்டைப்பெட்டியோடு?" என்றாள்.

அவள் மலையைக் கேட்கவில்லை.
முப்பது கிலோ லக்கேஜில்
மிச்சம் எவ்வளவு என்று கூட்டிக்கொண்டிருக்கிறாள்.
மார்ச்சில் என் கான்ட்ராக்ட் முடிகிறது.
புதுப்பிப்பார்கள் என்கிறார்கள்.
என்கிறார்கள்.

அலுமினியத்தையே எடுத்தேன்.
துருவினாலா, பணத்தினாலா,
விமானத்தில் எறியப்படுவதை
அதுதான் தாங்கும் என்பதாலா,
பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.
பம்ப், பூட்டு, ரெண்டு ட்யூப் சேர்த்து
நானூற்று இருபத்தொன்பதரை.
விளக்குக்குக் காசில்லை.
மேசை டிராயரைத் துழாவி
யாரோ மாற்றிப்போன பழையதொன்றை
ரொமெலே மாட்டிவிட்டார்.

"கார்ட்டனைக் கிழித்துப் போடட்டுமா?"
"வேண்டாம். கொடுங்கள்."

குப்ரா வரை கடலோரமாகவே மிதித்தேன்.
எதிர்க்காற்று.
புதுச் சங்கிலிக்குச் சத்தமே இல்லை.
இரண்டாவது ரவுண்டானாவில்
பழைய விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது.
பின்னால்
இன்னாசியின் பிக்கப்பில்
கயிறு கட்டிய காலிப்பெட்டி
காற்று புகுந்து டப் டப்பென்று அடித்தபடி
என்னை முந்தாமல்
வந்துகொண்டிருந்தது.