ஒரு மாத்திரை

ஆறரைக்கு எழ வேண்டும் என்பது விதி.
ஓலு நகரத்து ஜனவரியில்
ஆறரை என்பது காலை அல்ல,
கடிகாரம் கிளப்பிவிட்ட வதந்தி.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு
பிரிம்ஹால் அழுகிறாள்.
துணை ஊழியர்கள் இருவரும்
கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில்
இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி.
தனிமைக்கென்று மிஞ்சியது
அந்த ஆறடி ஓட்டுத் தரைதான்.
நான் ஓட்ஸ் கிண்டுகிறேன், கரண்டி சத்தம் போட,
எனக்குக் கேட்கவில்லை என்று
அவளுக்குத் தெரிய வேண்டுமே.
இரவில் அரை மாத்திரை விழுங்குகிறாள், தூக்கத்துக்கு.
மீதி அரையைத் தாளில் மடித்து
மார்மன் புத்தகத்துக்குள் வைக்கிறாள்.

என் கோட்டில் கறுப்புப் பட்டை: சகோதரி வைநிகோலோ.
"வைநிக்கலாவா? அங்கே ரயில் நிற்குமே"
என்கிறார் மீன் விற்பவர்.
என் தீவில் கோலோ என்றால் ஊர்.
இங்கே கோலோ என்றால் பொந்து.
மைனஸ் இருபத்தாறில் நிற்கும்போது
இவர்கள் அகராதிதான் சரியென்று படுகிறது.

துய்ராவில் அன்றைய பதினேழாவது கதவு.
தபாம்மே என்றால் சந்திப்போம்.
தபம்மே என்றால் கொல்வோம்.
குளிரில் நெடில் சுருங்கிக் குறிலாகிவிட்டது.
"வியாழக்கிழமை உங்களைக் கொல்கிறோம்" என்றேன்
பல் தெரியச் சிரித்து,
வேதத்தை நெஞ்சோடு அணைத்து.

சாத்தப்போன கதவு நின்றது.
"எத்தனை மணிக்கு?"

அவள் பெயர் ஹில்லா.
இடுப்பில் ஒரு குழந்தை, வண்டியில் ஒன்று,
இரண்டுக்கும் ஒரே முகம்.
நான்காவது மாடி. லிஃப்ட் பழுது.
"கடவுள் வேண்டாம்" என்றாள்.
"வண்டியைத் தூக்குவீர்களா?"

தூக்கினோம்.
வியாழன்தோறும் கடைக்குப் போய்த் திரும்புவாள்,
வியாழன்தோறும் தூக்கினோம்.
மார்ச்சில் லிஃப்ட் சரியாகிவிட்டது.
மூவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஞாயிறு இரவு கைப்பேசியில் கணக்கு.
பாடங்கள்: பூஜ்யம்.
ஞானஸ்நானத் தேதி: பூஜ்யம்.
குழந்தை வண்டிக்குக் கட்டம் இல்லை.
பிரிம்ஹால் ஓர் ஓரத்தில்
"நான்கு மாடி" என்று தட்டினாள்,
பிறகு அழித்தாள்.

திங்கட்கிழமை துணி சுழலும் இயந்திரத்தருகே
அம்மாவுடன் பேசலாம். அங்கே இரவு எட்டு.
பின்னால் பன்றிகள், தம்பியின் ரக்பி பூட்ஸ்,
வானொலியில் யாரோ புயல் எச்சரிக்கை.
"எத்தனை பேர் சேர்ந்தார்கள்?"
எங்கள் சபை முழுக்க
எனக்காக இரண்டு வேளை பட்டினி கிடக்கிறது.
நான் கைப்பேசியை ஜன்னலுக்குத் திருப்பிப்
பனியைக் காட்டினேன்.
"அவ்வளவும் உப்பா?" என்றாள்.

முழந்தாளிட்டால் சொல் வருவதில்லை.
இந்த மொழிக்குப் பதினைந்து வேற்றுமை:
உள்ளே, உள்ளிருந்து, மேலே, மேலிருந்து,
இல்லாமல் என்பதற்குக்கூட ஒன்று.
விளி வேற்றுமை மட்டும் கிடையாது.

ஏப்ரலில் மாற்றல் வந்தது.
நான் யோயென்சூவுக்கு. பிரிம்ஹால் இங்கேயே.
ஹில்லாவிடம் சொன்னேன், மூச்சு வாங்க,
வண்டியின் முன்சக்கரம் என் வயிற்றில் அழுந்த.

"அப்போது வியாழக்கிழமை
என்னை யார் கொல்வது?"

நாலு மாதத்தில் நாலு வார்த்தைக்கு மேல்
இந்த மொழி பேசாத பிரிம்ஹால்
கையை உயர்த்தினாள், வகுப்பில் போல.
"நான்."

அந்த நேரம் பார்த்து குழந்தைகளில் ஒன்று
தன் கையுறையைப் படிக்கிணற்றுக்குள் எறிந்தது.
எடுக்க நான்தான் இறங்கினேன்.
நான்கு மாடி.
கண்ணுக்கு எட்டவில்லை, காதுக்கும் எட்டவில்லை.
கீழே லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு
வெறுமனே நின்றிருந்தது.

கொஞ்ச நேரம் நானும் நின்றேன்,
கைக்குள் அந்தச் சிறு ஈரக் கம்பளியோடு.
பிறகு படி ஏறினேன்.