முடிச்சு கிடையாது

ஆறு மணி வானொலியில் முதல் செய்தி:
மூடுபனி, காலைப் படகு ரத்து.
நல்லது.
இன்று யாரும் கதவைத் தட்டி
"இதை மிதிக்கலாமா, சுவரில்தான் மாட்டணுமா?" என்று
கேட்கமாட்டார்கள்.

டீக்கு வைத்த கெட்டிலின் பக்கத்தில்
இன்னொரு பானை கொதிக்கிறது.
சாப்பாடு என்று மூடியைத் தூக்கிய எல்வுட்
வெங்காயத்தோலும் வினிகரும் முகத்தில் அடிக்க
பேசாமல் மூடிவிட்டு
ரொட்டியைத் தேடிப் போகிறார்.
இருபத்தாறு வருடமாகத் தூக்கிப் பார்க்கிறார்.

சனிக்கிழமை, தேவாலயத்து அடித்தளத்தில் பழந்துணி விற்பனை.
மூன்று டாலருக்கு ஓர் ஆண்பிள்ளைக் கோட்டு,
சாம்பல் நிறம், அசல் கம்பளி.
பொத்தான்களை அறுத்து, கைகளை வெட்டி,
உள்துணியை உரித்து, வெந்நீரில் அமுக்கி,
சுண்டுவிரலில் பாதி அகலத்துக்கு
நாடா நாடாவாக நறுக்கினேன்.
பையில் சுரண்டாத லாட்டரிச் சீட்டு ஒன்று.
சுரண்டினேன்.
ஒன்றுமில்லை.

சட்டத்தில் சாக்குத்துணி, மேளத்தோல் விறைப்பில்.
வலது கை வெளிச்சத்தில் கொக்கி பிடிக்கும்,
இடது கை அடியில், இருட்டில், நாடா ஊட்டும்.
குத்து, பிடி, மேலே இழு:
ஒரு வளையம்.
அடுத்த ஓட்டை.
கேட்பவர்களுக்கு இவ்வளவுதான் சொல்வேன்,
மிச்சத்தைத் தோள்பட்டை ராத்திரியில் சொல்லும்.

முடிச்சு எங்கே என்பார்கள்.
முடிச்சு கிடையாது.
ஒரு வளையத்தை இன்னொன்று நெருக்குகிறது,
அந்த நெருக்கடியில்தான் எல்லாம் நிற்கிறது,
இந்தப் பாறைமேல் எங்கள் வீடுகளைப் போல.

நேற்றுத் தபாலில் திரும்பி வந்தது
நான்கு வருடத்துக்கு முன் நான் செய்த விரிப்பு.
கார்லண்ட் கீப்பிங்கின் படகுத்துறை.
மஞ்சள் கொட்டகை, அவர் படகு,
துறை முனையில் சிவப்புக் கோட்டில் அவர் மனைவி.
கூடவே, ரசீதின் முதுகில் பென்சில் எழுத்து:
"நெட்டா இப்போது ஹாலிஃபாக்ஸில் இருக்கிறாள்.
எடுத்துவிட முடியுமா? எவ்வளவு ஆகும்?"

எவ்வளவு ஆகும்.
அவளைப் போட எனக்கு ஒன்றரை நாள் ஆயிற்று,
முழங்கை மடிப்பு மட்டும் மூன்று தடவை.
எடுக்க ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை.
நுனியைப் பிடித்து இழுத்தேன்.
கோட்டின் விளிம்பு, இடுப்பு, தோள், தொப்பி,
சத்தமே இல்லாமல்
கூப்பிடக் காத்திருந்தவள் போல வந்துவிட்டாள்.

சாக்கில் அவள் உயரத்துக்கு ஒரு வெறுமை.
நகத்தால் நீவினால் ஓட்டைகள் மூடிக்கொள்ளும்,
சணல் அதை மனதில் வைத்துக்கொள்ளாது.
நீவினேன்.

அங்கே எதை வைப்பது?
கடல் என்றால் எந்தக் கடல்?
அந்த நீலம் ஒரு பாதிரியாரின் ஸ்வெட்டர், எப்போதோ தீர்ந்துபோயிற்று.
புதிதாகச் சாயம் காய்ச்சினால்
கார்லண்டின் ஜன்னல் வெயில் நான்கு வருடம் தின்ற நீலம்
அதில் வராது.
நிமிர்ந்து வெளியே பார்த்தேன்.
எதிர்க்கரை இல்லை, துறை இல்லை,
மணிமிதவையின் ஒலி மட்டும் எங்கிருந்தோ.
மேசைமேல் மூன்று டாலர் கோட்டு,
அதே சாம்பல்.

சரி, மூடுபனி இறங்கட்டும் என்றேன்.
மத்தியானத்துக்குள் இறங்கி முடிந்தது.

எல்வுட் என் தோளுக்குப் பின்னால் நின்று
ரொம்ப நேரம் பார்த்தார்.
"இன்னும் நிற்கிறாள்."
"எங்கே?"
"அந்தப் பனிக்குள்ளேதான்."
மீன் கழுவப் போகச் சொன்னேன்.

பில் எழுதினேன்: பதினைந்து டாலர், தபால் செலவு தனி.
சிவப்பு நாடாவைச் சுற்றி பிஸ்கட் டின்னில் போட்டேன்.
ஒரு கோழிமுட்டை அளவு.

செயின்ட் ஜான்ஸிலிருந்து ஒருத்தி கேட்டிருக்கிறாள்,
சிங்கி இறால் கூண்டுகளின் மிதவைகள், நாற்பது அங்குலம்,
நிறம் என் இஷ்டம்.
நான்கு மிதவை வரைந்தாயிற்று.
மூன்றுக்கு ஆரஞ்சு இருக்கிறது.
நான்காவதற்கு டின்னைத் திறந்து அளந்து பார்த்தேன்,
சரியாக வரும்.